காட்பாடியில் 14 மாடி டவருக்கு அனுமதி: எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள், நாம் எதைக் கேட்கலாம்?

கேள்வி இதுதான்: காட்பாடியில் எங்கள் தெருவை ஒட்டிப் பல வருடமாக மூடிக்கிடந்த அரிசி ஆலை இடம், சுமார் ஒன்றரை ஏக்கர். அதில் 14 மாடியில் இரண்டு டவர், மொத்தம் 120 வீடு வரப்போவதாகப் பலகை வைத்துவிட்டார்கள். எங்கள் பகுதி முழுக்கத் தரைத்தளமும் ஒரு மாடியுமான தனி வீடுகள். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்படி அனுமதி கொடுக்க முடியுமா? ஆட்சேபித்தால் எடுபடுமா? இதற்கு நடுவில் என் அக்கா வீட்டுக்காரர் அதே டவரில் வீடு பதிவு செய்ய ஆசைப்படுகிறார். அவருக்கு என்ன சொல்வது?

உங்களுக்கு வந்த கோபம் நியாயமானது. ஆனாலும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடியிருப்புக்கு என்று குறிக்கப்பட்ட நிலத்தில் விதிப்படி எழும் கட்டடத்துக்கு அக்கம்பக்கத்தாரின் சம்மதம் வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் இல்லை. "14 மாடி எங்கள் பகுதிக்கு ஒத்துவராது, அமைதி போய்விடும்" என்று எழுதிக் கொடுக்கும் மனுவில் ஐந்நூறு பேர் கையெழுத்துப் போட்டாலும் அது கோப்பில் ஒரு தாளாகச் சேரும், அவ்வளவுதான். அதே சமயம், அந்த 14 மாடிக்கு விதி கேட்கிற சாலை அகலம் அங்கே இருக்கிறதா, இடத்துக்குள் ஓடை போகிறதா, தண்ணீரும் கழிவுநீரும் எங்கிருந்து வந்து எங்கே போகப்போகின்றன என்று சர்வே எண்ணோடும் அளவோடும் எழுதும் மனு எடுபடும். அனுமதி கொடுக்கும் அதிகாரியால் அதைத் தள்ளிவைக்க முடியாது. அதனால் உயரத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டுத் தரையைப் பாருங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

அனுமதி எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிப்படை, 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் 49-ஆம் பிரிவின் கீழ் திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்கிறார்கள். கட்டடம் எப்படி இருக்கலாம் என்று சொல்வது 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதற்கு முன் சென்னைக்கு ஒரு விதி, மற்ற ஊர்களுக்கு வேறு விதி என்று இருந்தது. இப்போது மாநிலம் முழுக்க ஒன்றே. அந்த விதிகளில் 18.30 மீட்டர்தான் எல்லைக்கோடு. அது வரைக்கும் சாதாரணக் கட்டடம். வண்டி நிறுத்தும் தளத்துக்கு மேல் ஐந்து மாடி வரை என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடு 2. உயர்மாடிக்கு 3.25 வரை. அதாவது மனையின் பரப்பைப் போல மூன்றேகால் மடங்கு தளப்பரப்பு கட்டலாம். இதற்கு மேல் வேண்டும் என்றால் வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்கிட்ட தொகையைக் கட்டிக் கூடுதலாகக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு.

உங்கள் டவர் உயர்மாடி வகையில் வருவதால் அதன் முடிவு வேலூரிலேயே முடிந்துவிடாது. கோப்பு இங்கே உள்ள நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் பார்வைக்கு வந்து, இட ஆய்வு நடந்து, சென்னையில் உள்ள இயக்ககத்துக்குப் போகும். தீயணைப்புத் துறை, விமான நிலைய ஆணையம், நீர்வளத்துறை என்று பல இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வர வேண்டும். அப்துல்லாபுரத்தில் விமான நிலையம் இருப்பதால் நம் ஊரில் உயரச் சான்று வெறும் சம்பிரதாயம் ஆகாது. திட்ட அனுமதி வந்த பிறகு மாநகராட்சியில் கட்டட அனுமதி. இத்தனை இடத்தில் இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குச் சாதகம்தான். எந்த மேசையில் எந்தக் கேள்வியை வைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

அரிசி ஆலை இருந்த இடம் என்றீர்கள். அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் நிலப் பயன்பாட்டைப் பாருங்கள். வேலூருக்கான முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளானில்) அந்த சர்வே எண் என்னவாகக் குறிக்கப்பட்டிருக்கிறது? தொழிற்பகுதி என்று இருந்தால் குடியிருப்பாக மாற்றாமல் டவர் கட்ட முடியாது. அந்த மாற்றத்துக்கு அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும் நடைமுறை உண்டு. இந்த மொத்தப் பயணத்தில் பொதுமக்களின் வாய்க்கு மதிப்புக் கொடுக்கும் கட்டம் அநேகமாக அது ஒன்றுதான். ஆனால் அந்த அறிவிப்பு நம் வீட்டுக் கதவைத் தட்டி வராது. எங்கோ ஒரு நாளிதழின் மூலையில் வந்து போயிருக்கும். முன்பே குடியிருப்புப் பகுதியாக இருந்தது என்றால் இந்தக் கதவு உங்களுக்கு இல்லை.

இனி சாலை. இதில்தான் காட்பாடி, சத்துவாச்சாரி, காந்தி நகர் பக்கமெல்லாம் பாதிக் கதை அடங்கியிருக்கிறது.

உயர்மாடிக் கட்டடம் கட்ட மனைக்கு முன்னால் உள்ள பொதுச்சாலை குறைந்தது 12 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். கிட்டத்தட்ட 40 அடி. முழு 3.25 எஃப்.எஸ்.ஐ. வேண்டும் என்றால் 18 மீட்டர், அதாவது 60 அடி. நடுவில் இருக்கும் அகலங்களுக்கு எஃப்.எஸ்.ஐ.யும் உயரமும் குறைந்துகொண்டே வரும். அந்த அகலம் மனை வாசலில் மட்டும் இருந்தால் போதாது. சுமார் 500 மீட்டர் நீளத்துக்குத் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் வரைபடத்தில் காட்டும் சாலையும் தரையில் இருக்கும் சாலையும் நம் பகுதியில் அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. பழைய மனைப்பிரிவுகளில் 20 அடி, 23 அடி, 30 அடித் தெருக்கள்தான் அதிகம். அதிலும் வீட்டுப் படிக்கட்டு, சாய்வுத்தளம், கால்வாய் மேல் போட்ட பலகைக்கல் என்று இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவைத் தின்றிருப்போம். கட்டுநர் தன் மனையில் ஒரு பட்டையைச் சாலைக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டு, "வாசலில் 18 மீட்டர் வந்துவிட்டது" என்று காட்டுவது உண்டு. அது அவர் வாசலுக்கு 18. நூறடி தள்ளிப் போனால் மறுபடி 9 தான்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, நாலு பேர் சேர்ந்து அளவு நாடாவோடு அந்தச் சாலையை அளப்பது. மனையிலிருந்து இரண்டு பக்கமும் நடந்து, 50 மீட்டருக்கு ஒரு இடத்தில் அளந்து, எந்த வீட்டு எண்ணுக்கு எதிரில் எத்தனை மீட்டர் என்று எழுதி, தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வருவாய்த்துறைப் பதிவில் அந்தச் சாலையின் அகலம் என்ன என்பதையும் புலப்படத்தில் (சர்வே எண்ணின் அளவு வரைபடத்தில்) பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்கிரமிப்பால் குறைந்த அகலம் வேறு, பதிவிலேயே குறைந்த அகலம் வேறு. பதிவிலேயே 12 மீட்டர் இல்லை என்றால் உங்கள் மனு மிக வலுவானது.

சரி, சாலை அகலம் போதும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அதை விதி கேட்பதில்லை என்பதுதான் என் மனத்தை உறுத்துகிற விஷயம். விதி மனைக்கு முன்னால் உள்ள சாலையைப் பார்க்கிறது. அந்தச் சாலை போய்ச் சேரும் கழுத்தைப் பார்ப்பதில்லை. காட்பாடியில் குடியிருப்பவர் சி.எம்.சி.க்குப் போனாலும், கலெக்டர் ஆபீஸ் போனாலும், பழைய பஸ் ஸ்டாண்டு போனாலும் விருதம்பட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலம் ஏறித்தான் ஆக வேண்டும். சித்தூர் சாலை, குடியாத்தம் சாலைப் பக்கம் இருப்பவருக்கு அதற்கு முன்னால் ரயில்வே மேம்பாலம் ஒன்றும் இருக்கிறது. 2022-ல் அந்த மேம்பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது காட்பாடி பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைத் தாண்டி வந்தால் கிரீன் சர்க்கிள் சந்திப்பு. 120 வீடு என்றால் குறைந்தது 120 கார், அதைவிட அதிகமாக இருசக்கர வண்டி. ஒரு டவரைத் தனியாகப் பார்த்தால் அது பெரிய எண்ணிக்கை இல்லை என்று எந்த அதிகாரியும் சொல்லலாம்; அது உண்மையும்கூட. ஆனால் அனுமதிகள் மனை மனையாக வருகின்றன, ஒவ்வொரு கோப்பும் தன்னளவில் சரியாக இருக்கிறது, பத்துக் கோப்பையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து "இந்தப் பாலம் தாங்குமா" என்று கேட்க ஒருவரும் இல்லை. இந்தக் கூட்டல் கணக்கு முழுமைத் திட்டத்தின் வேலை. அது வருடக்கணக்கில் பழசாகிக் கிடந்தால் மனை வாரியாகக் கொடுக்கும் அனுமதி எதுவும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் ஒரே ஒரு விஷயம்தான் பேச முடியும் என்றால் இதைப் பேசுங்கள். 2022-ல் வந்த விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்க வேண்டும். பகுதி சபைக் கூட்டத்தில் இதை எழுப்பிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது தண்ணீர்.

கணக்கை நாமே போடலாம். ஒரு வீட்டில் நாலு பேர் என்றால் 480 பேர். நகரக் குடிநீர்த் திட்டங்களில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு, ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். பெருக்கினால் 64,800 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் தினமும் ஐந்தாறு லோடு. வேலூர் மாநகராட்சிக்குத் தண்ணீர் பாலாற்றுப் படுகைக் கிணறுகளிலிருந்தும் பொன்னையாற்றுப் பக்கமிருந்தும் வருகிறது. அது போதாமல்தான் மேட்டூரிலிருந்து காவிரி நீரை இழுத்து வரும் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. இத்தனையும் இருந்து கோடையில் எத்தனை நாளுக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வருகிறது என்பது உங்கள் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும். ஆகவே டவர்க்காரர்கள் ஆழ்துளைக் கிணற்றைத்தான் நம்புவார்கள். நம் பக்கம் மேல்மண்ணுக்குக் கீழே பாறை. தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் கிடைக்கும். ஒருவர் ஆழமாகப் போட்டு ராப்பகலாக இழுத்தால் அதே வெடிப்பில் தண்ணீர் எடுக்கும் பக்கத்து வீட்டுப் போர் வற்ற வாய்ப்பு அதிகம். உங்களுக்கு நேரடியாக வரப்போகும் பாதிப்பு உயரத்தைவிட இதுதான். உங்கள் தெருவில் யார் யார் வீட்டில் போர் இருக்கிறது, எத்தனை அடி, இப்போது எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று இன்றே எழுதி வையுங்கள். நாளைக்குக் குறைந்தால் குறைந்தது என்று காட்ட வேறு ஆதாரம் இருக்காது.

உள்ளே போகும் தண்ணீரில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவுநீராக வெளியே வரும். அதாவது தினமும் சுமார் 52,000 லிட்டர். பாதாள சாக்கடை உங்கள் தெரு வரை வந்து, வீட்டு இணைப்பும் கொடுத்து, குழாயில் ஓடுகிறதா? குழி தோண்டி மூடிவிட்டுப் போன தெருக்கள் நிறைய இருப்பதால்தான் இப்படிக் கேட்கிறேன். ஓடவில்லை என்றால் வளாகத்துக்குள்ளேயே சுத்திகரிப்பு நிலையம் இருந்தே ஆக வேண்டும். அது வரைபடத்தில் எங்கே இருக்கிறது, சுத்தம் செய்த தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். "தோட்டத்துக்கு ஊற்றுவோம்" என்பார்கள். ஒன்றரை ஏக்கரில் இரண்டு டவரும் அவற்றைச் சுற்றி வண்டிப்பாதையும் போக மிஞ்சும் தோட்டத்துக்கு மழைக்காலத்தில் 52,000 லிட்டர் எதற்கு? மிச்சம் உங்கள் தெருக் கால்வாய்க்குத்தான் வரும்.

மழைநீரையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை நாம் எல்லோரும் பாலத்தில் நின்று பார்த்தோம். அதே மழையில் ஏரிகள் நிரம்பிக் கோடி போனபோது (உபரிநீர் வழிந்தபோது) எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நின்றது என்று பகுதியில் இருக்கும் பெரியவர்களிடம் கேளுங்கள். காட்பாடி பக்கம் கழிஞ்சூர் ஏரி, தாராபடவேடு ஏரி என்று ஒன்றுக்கொன்று தொடர்புள்ள ஏரிகளும், மலையிலிருந்து வரும் கானாறுகளும், கோடி வாய்க்கால்களும் இருந்த நிலம்தான் இன்று மனையாகி இருக்கிறது. வேலூர் டவுன் பக்கம் நிக்கல்சன் கால்வாய் குறுகிப்போய், மழைக்கு மழை கரையோரத் தெருக்கள் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். அரிசி ஆலைகள் பெரும்பாலும் தண்ணீர் வசதி பார்த்துத்தான் கட்டப்பட்டவை. அந்த இடத்தின் ஓரத்தில் வாய்க்கால் இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. அந்த சர்வே எண்ணுக்கும் சுற்றியுள்ள எண்களுக்கும் புலப்படத்தையும், எது என்ன வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேட்டையும் வருவாய்த்துறையின் இணையச் சேவையில் எடுக்கலாம். நகர அளவைக்கு மாறிய பகுதி என்றால் பழைய கிராமப் புலப்படத்தைத் தாலுகா ஆபீஸில் கேட்டு வாங்குங்கள். பழைய படத்தில்தான் ஓடை ஓடையாக இருக்கும். ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று ஒரு கோடு மனைக்குள்ளோ ஓரத்திலோ போனால் அதன் மேல் ஒரு தூணும் நிற்கக் கூடாது, மதில் கூட வரக் கூடாது. நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்றில் வெள்ள மட்டம் என்ன, தரையை எவ்வளவு உயர்த்தச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். கட்டுநர் ஒரு மீட்டர் உயர்த்தினால் அந்த இடத்தில் நின்ற தண்ணீர் உங்கள் தெருவுக்கு வரும். அந்தத் தண்ணீருக்கு வழி காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது.

வெளிச்சம், காற்று, தனிமை பற்றிக் கேட்டால் சுருக்கமான பதில்தான் சொல்ல முடியும். மேலிருந்து நம் மாடியும் பின்கட்டும் தெரியும் என்பதற்கு விதியில் தனிப் பரிகாரம் இல்லை. இருக்கும் ஒரே பாதுகாப்பு நாலு பக்கமும் விட வேண்டிய இடைவெளி. 30 மீட்டர் உயரம் வரை எல்லாப் பக்கமும் 7 மீட்டர். அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டருக்கும், அதன் பகுதிக்கும், 1 மீட்டர் கூட வேண்டும். 14 மாடி சுமார் 45 மீட்டர் வரும் என்று வைத்தால் 10 மீட்டர். உங்கள் மதில் சுவரிலிருந்து 33 அடி தள்ளித்தான் டவர் எழலாம். தீயணைப்பு வண்டி சுற்றி வர வேண்டிய வழியும் அதுதான். ஆகவே அங்கே டிரான்ஸ்ஃபார்மர், கூரை போட்ட கார் ஷெட், ஜெனரேட்டர் அறை என்று எது முளைத்தாலும் அது விதிமீறல் மட்டும் இல்லை, உள்ளே குடியிருப்பவர்களின் உயிர் விஷயம். வரைபடத்தில் சரியாக இருந்து கட்டும்போது மாறுவது பெரும்பாலும் இங்கேதான். கட்டும் காலம் முழுக்க உங்கள் கண் அதன் மேல் இருக்கட்டும். விதிமீறலைக் கண்டால் 1971 சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளின்படி நோட்டீஸ் கொடுக்கவும் வேலையை நிறுத்தவும் அதிகாரம் இருக்கிறது. புகாரில் அந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

ஒன்றரை ஏக்கர் என்பது ஏறக்குறைய 6,070 சதுர மீட்டர். இந்த அளவை வைத்து இரண்டு விஷயம் முடிவாகிறது. 3,000-லிருந்து 10,000 சதுர மீட்டர் வரையிலான மனைகளில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளிக்கு விட வேண்டும், அல்லது அதன் மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். 10,000-ஐத் தாண்டினால்தான் நிலமாகவே கொடுத்தாக வேண்டும். நம் ஊர்த் திட்டங்கள் பெரும்பாலும் நடுவில் நிற்பதால் பணமாகப் போய்விடுகிறது, பகுதிக்கு ஒரு பூங்கா மிஞ்சுவதில்லை. இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். இடமாக விடச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை, கட்டாயப்படுத்தத்தான் முடியாது. இரண்டாவது, 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்பு வந்தால் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் முன்அனுமதி வேண்டும். உங்கள் மனைக்கு 3.25 என்று கணக்குப் போட்டால் 19,700 சொச்சம் வருகிறது. பார்க்க எல்லைக்குள் இருப்பது போலத் தெரியும். ஆனால் எஃப்.எஸ்.ஐ. கணக்கில் சேராத வண்டி நிறுத்தும் தளமும் அடித்தளமும் இந்தக் கணக்கில் சேரும். ஆகவே "20,000-க்குக் கீழேதான்" என்று யாராவது சொன்னால் எந்தப் பரப்பைச் சொல்கிறார் என்று கேளுங்கள். முன்அனுமதி வாங்கியிருந்தால் அதை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்குக் காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்கலாம். கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

(டவுனுக்குள் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: வேலூர்க் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானமே கூடாது. அடுத்த 200 மீட்டருக்குத் தனி அனுமதி வேண்டும். காட்பாடிக்கு இது பொருந்தாது.)

மண்ணும் அஸ்திவாரமும் அலட்சியமாக விடும் விஷயமில்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்கும் கையில் அனுமதி இருந்தது. வேலூர் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் வருகிறது. 2021 கடைசியில் பேர்ணாம்பட்டுப் பக்கம் லேசான அதிர்வுகளும் வந்தன. மண் பரிசோதனை அறிக்கை, கட்டமைப்புப் பொறியாளரின் கையொப்பம், அந்த வரைபடத்தை இன்னொரு தகுதியான அமைப்பு சரிபார்த்த தாள் ஆகியவை இருக்கின்றனவா என்று கேட்பது வாங்குகிறவரின் உரிமை. அக்கம்பக்கத்தாருக்கு ஒரு வேலை உண்டு: அடித்தளம் தோண்ட ஆரம்பிக்கும் முன் உங்கள் வீட்டுச் சுவர், தரை, மதில் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து, ஒரு பிரதியைக் கட்டுநருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். பிறகு விரிசல் விழுந்தால் "அது பழைய விரிசல்" என்ற பேச்சுக்கே இடம் இருக்காது.

இப்போது எங்கே போவது? முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் மாநகராட்சிக்கும் தனித்தனியாக. இந்த சர்வே எண்ணில் திட்ட அனுமதி விண்ணப்பம் வந்திருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது, சாலை அகலம் எவ்வளவு என்று ஆய்வறிக்கையில் எழுதியிருக்கிறார்கள், எந்தெந்தத் தடையின்மைச் சான்றுகள் வந்துள்ளன, அவற்றின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அதற்குக் காத்திருக்காமலே நீங்கள் அளந்த சாலை அகலத்தையும் புலப்படத்தையும் இணைத்து ஆட்சேப மனுவை அனுப்புங்கள். வேலூர் அலுவலகத்துக்கு ஒன்று, சென்னை இயக்ககத்துக்கு ஒன்று. திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்வு நாளில் ஒன்று கொடுத்து மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதிக்கு முன் கொடுத்த மனுவுக்கும் பின் கொடுத்த மனுவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உயர் நீதிமன்றம் போக வேண்டி வந்தாலும், முன்பே குறிப்பான ஆட்சேபம் கொடுத்தும் அதைப் பரிசீலிக்கவில்லை என்பதுதான் உங்கள் வழக்கின் பலமாக இருக்கும்.

இவ்வளவு சொல்வதால் நான் டவருக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். சி.எம்.சி.யும் வி.ஐ.டி.யும் இருக்கும் ஊரில் வீட்டுத் தேவை குறையப்போவதில்லை. மேலே கட்டக் கூடாது என்றால் ஊர் பக்கவாட்டில்தான் பரவும். சேவூர், கரிகிரி, பிரம்மபுரம் பக்கம் நெல் விளைந்த ஏரிப் பாசன நிலத்தில் கல் நட்டுக் கொடி கட்டியிருப்பதைப் பாருங்கள். அங்கே 120 குடும்பத்துக்குத் தனித்தனி மனை என்றால் பத்துப் பன்னிரண்டு ஏக்கராவது போகும். கைவிட்ட ஆலை இடத்தில் ஒன்றரை ஏக்கரில் அதே 120 குடும்பம் குடியேறுவது, அகலமான சாலையும் தண்ணீரும் சாக்கடையும் இருந்தால், ஊருக்கு நல்லதுதான். அந்த "இருந்தால்" என்பதைச் சரிபார்க்காமல் கொடுக்கும் அனுமதிதான் கெடுதல். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நல்ல பதில் வந்துவிட்டது என்றால் உங்கள் தெருக்காரர்களும் ஏற்றுக்கொள்வதுதான் சரி என்று நினைக்கிறேன்.

கடைசியாக, உங்கள் அக்கா வீட்டுக்காரர். பலகை வைத்திருக்கிறார்கள் என்றீர்கள். அந்தப் பலகையில் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா? 500 சதுர மீட்டருக்கு மேல் நிலமும் எட்டு வீட்டுக்கு மேலும் உள்ள திட்டத்தைத் தமிழ்நாடு ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது, முன்பணமும் வாங்கக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 3-ஆம் பிரிவு அது. "அனுமதி வந்துகொண்டிருக்கிறது, இப்போது கொடுத்தால் சதுர அடிக்கு 500 ரூபாய் குறைவு" என்று சொன்னால் அந்தக் குறைந்த விலைக்கு ஈடாக, அனுமதி வராமல் போகும் ஆபத்தை அவர் தலையில் கட்டுகிறார்கள் என்று அர்த்தம். பதிவு எண் வந்ததும் ரெரா இணையதளத்தில் அதைப் போட்டுத் திட்ட அனுமதிக் கடிதத்தையும் வரைபடத்தையும் எடுக்கலாம். நீங்கள் தகவல் சட்டத்தில் தேடும் தாள்களில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். ஆகவே இந்த விஷயத்தில் நீங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம்தான்.

அவர் பார்க்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. எழுத்து மூல ஒப்பந்தம் பதிவாவதற்கு முன் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்குகிறவர்கள் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். வரைபடத்தை நடுவில் மாற்ற வேண்டும் என்றால் வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் கட்டுநர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். சொன்ன தேதியில் தரவில்லை என்றால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பத்திரத்தில் வரும் பிரிபடாத பங்கு, அதாவது யூ.டி.எஸ்., எத்தனை சதுர அடி என்று கேட்கச் சொல்லுங்கள். ஒன்றரை ஏக்கர் 65,340 சதுர அடி. 120 வீட்டுக்குச் சமமாகப் பிரித்தால் 544 சதுர அடி வரும். சாலைக்குக் கொடுத்த நிலம் போக ஐந்நூறை ஒட்டி வந்தால் கணக்கு சரி. 300 என்று எழுதினால் மிச்ச நிலம் யார் பேரில் நிற்கிறது என்று கேட்க வேண்டும்.

குடியேறும் முன் பணி நிறைவுச் சான்று. உயர்மாடிக் கட்டடத்துக்கு அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பும் குடிநீர், சாக்கடை இணைப்பும் கொடுக்கக் கூடாது. கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக மின் இணைப்பிலேயே குடியேற்றிவிட்டு வருடக்கணக்கில் ஓட்டும் வளாகங்கள் உண்டு. அங்கே மின் கட்டணமே இரண்டு மடங்கு ஆகிவிடும். சாவி வாங்கும் அன்றைக்கு அந்தச் சான்றின் நகலையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள், கடைசித் தவணை அது வரைக்கும் அவர் கையிலேயே இருக்கட்டும்.